பழிவாங்கப் புறப்பட்ட சிறுவன் உழவனாக மாறிய கதை: ‘வின்லாண்ட் சாகா’வின் தோர்ஃபின்

ஆறு வயதில் தன் தந்தை கொல்லப்படுவதை ஒரு சிறுவன் கண்ணால் பார்க்கிறான். அதன் பிறகு வந்த பதினொரு ஆண்டுகளை அவன் கழித்தது தந்தையைக் கொன்றவனோடுதான். அந்த மனிதனை ஒருநாள் நேருக்கு நேர் நின்று கொல்ல வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு எண்ணமே இல்லை. ஆனால் அந்த மனிதனை வேறொருவர் கொன்றுவிடுகிறார். இனி இவன் எதற்காக வாழ்வது? போரிலே வளர்ந்து, போரைத் தவிர வேறெதையும் கற்றுக்கொள்ளாத ஒருவனுக்குப் போருக்குப் பிறகு ஒரு வாழ்க்கை உண்டா?

‘வின்லாண்ட் சாகா’ என்னும் ஜப்பானிய அனிமே தொடர் இந்தக் கேள்வியை 48 அங்கங்களில் பொறுமையாகக் கேட்கிறது. சிறுவன் வளர்ந்து பெரியவனாகும் கதைகள் அனிமேயில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவற்றில் வளர்ச்சி என்றால் பலம் கூடுவதுதான். இத்தொடரில் கதாநாயகன் தோர்ஃபினின் பலம் முதற் பாதியிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. அவன் மனிதனாக வளரத் தொடங்குவது கத்தியைக் கீழே வைத்த பிறகுதான்.

கதையின் முக்கிய திருப்பங்கள் எல்லாம் இக்கட்டுரையில் வருகின்றன. முன்னரே தெரியாமல் பார்க்க விரும்புவோர் தொடரைப் பார்த்துவிட்டு வாசிப்பது நல்லது.

தொடரின் பின்னணி

மகோட்டோ யுகிமுரா எழுதி வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, இத்தொடருக்கு மூலம். 2005ஆம் ஆண்டு வார இதழொன்றில் தொடங்கிய அது, அந்த ஆண்டின் இறுதியில் ‘ஆஃப்டர்நூன்’ என்ற மாத இதழுக்கு மாறியது. இருபது ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்து 2025 ஜூலையில் நிறைவுற்றது. ஜப்பானின் ஊடகக் கலை விழாவில் 2009ஆம் ஆண்டுக்கான மங்காப் பிரிவின் உயர் விருதையும், 2012இல் கோதான்ஷா மங்கா விருதையும் பெற்றது.

அனிமேயின் முதலாவது பருவம் 2019 ஜூலை முதல் டிசம்பர் வரை ஒளிபரப்பானது. 24 அங்கங்களைக் கொண்ட அதனை விட் ஸ்டூடியோ தயாரித்தது. இரண்டாவது பருவம் 2023 ஜனவரி முதல் ஜூன் வரை, மேலும் 24 அங்கங்களாக, மாப்பா நிறுவனத்தின் தயாரிப்பில் வந்தது. நிறுவனம் மாறினாலும் இரண்டையும் இயக்கியவர் ஷூஹெய் யபுதாதான். முதற் பருவத்தின் கடைசி அங்கத்துக்கு ‘முன்னுரையின் முடிவு’ என்ற பொருளில் தலைப்பிட்டிருந்தார்கள். அதுவரை பார்த்த போர்களும் பழிவாங்கலும் வெறும் முன்னுரை என்பதைப் படைப்பாளிகளே அப்படித் தெரிவித்துவிட்டார்கள்.

வரலாற்றில் எவ்வளவு உண்மை

கதை நடப்பது பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வட ஐரோப்பாவில். டென்மார்க் மன்னன் ஸ்வெய்ன் 1013இல் இங்கிலாந்தைக் கைப்பற்றியதும், 1014 பெப்ரவரியில் இறந்ததும், அவனுடைய மகன் கனூட் 1016இல் இங்கிலாந்தின் மன்னன் ஆனதும் வரலாறு. நெடியவன் என்று பெயர் பெற்ற தோர்கெலும் உண்மையில் வாழ்ந்த போர்வீரன்.

தோர்ஃபினுக்கும் ஒரு மூலம் உண்டு. கடல் கடந்து மேற்கே சென்று வின்லாண்ட் என்ற நிலத்தில் குடியேற முயன்ற தோர்ஃபின் கார்ல்செஃப்னி என்பவரைப் பற்றி ஐஸ்லாந்தின் இரண்டு பழங்கதைகள் பேசுகின்றன. ஐரோப்பியர்கள் கொலம்பஸுக்கு முன்பே வட அமெரிக்காவுக்குச் சென்றிருந்தார்கள் என்பதற்குச் சான்றான குடியிருப்பு ஒன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1960களில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அங்கே கிடைத்த மரத்துண்டுகள் 1021ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை என்று 2021இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது.

ஆனால் தோர்ஃபினின் சிறுவயது, அவனுடைய பழி, அவன் அடிமையாக இருந்த காலம் எல்லாம் யுகிமுராவின் கற்பனை. பெயரும் பயணமும் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு மனிதருக்கு அவர் ஒரு மனச்சாட்சியைக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

தந்தை சொன்னது விளங்காத வயது

ஐஸ்லாந்தின் குளிர்ந்த கரையோரக் கிராமம் ஒன்றில் தந்தை தோர்ஸ், தாய் ஹெல்கா, அக்கா யில்வா ஆகியோருடன் தோர்ஃபின் வாழ்கிறான். தோர்ஸ் ஒரு காலத்தில் எல்லோரும் அஞ்சிய போர்வீரர். போரை வெறுத்து, குடும்பத்தோடு தப்பி வந்து இங்கே மறைந்து வாழ்பவர். சிறுவனுக்கு இந்தக் கடந்தகாலம் தெரியாது. மாலுமி லெய்ஃப் சொல்லும் வின்லாண்ட் பற்றிய கதைகளையும், ஊர்ப் பிள்ளைகளோடு விளையாடும் போர் விளையாட்டையும்தான் அவனுக்குத் தெரியும்.

ஒருநாள் வீட்டில் ஒளித்து வைத்திருந்த ஆயுதங்களுக்குள் இருந்து ஒரு குறுங்கத்தியை எடுத்துக்கொள்கிறான். இதனால் யாரைக் கொல்லப் போகிறாய் என்று தந்தை கேட்கிறார். எதிரிகளை என்கிறான் மகன். உனக்கு எதிரி என்று எவரும் இல்லை, காயப்படுத்தத் தகுந்த மனிதர் என்று உலகில் எவருமே இல்லை என்று தோர்ஸ் சொல்கிறார். சிறுவனுக்கு அது விளங்கவில்லை. அந்த வயதில் எந்தப் பிள்ளைக்கும் விளங்காது. அந்த வார்த்தையின் பொருளைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் பிடிக்கின்றன. தொடரின் முழு நீளமும் அந்தத் தூரம்தான்.

தோர்ஸை மீண்டும் போருக்கு அழைக்கிறார்கள். அவர் புறப்படும் கப்பலில் தோர்ஃபின் ஒளிந்து ஏறிவிடுகிறான். வழியில், பரோ தீவுகளில், அஸ்கெலாட் என்பவனின் கூலிப்படை அவர்களைச் சுற்றி வளைக்கிறது. தோர்ஸ் எவரையும் கொல்லாமலே பலரை வீழ்த்துகிறார். அஸ்கெலாடுடனான தனிச்சண்டையிலும் வெல்கிறார். ஆனால் மகன் பணயமாகப் பிடிபடுகிறான். மகனும் கூட வந்த ஊர் இளைஞர்களும் உயிர் தப்ப வேண்டும் என்பதற்காகத் தோர்ஸ் அம்புகளை ஏற்றுக்கொண்டு உயிர்விடுகிறார்.

தான் ஒளிந்து வந்ததுதான் தந்தையின் உயிரைப் பறித்தது என்ற எண்ணத்தைத் தோர்ஃபின் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவனிடம் இருப்பது கோபம் மட்டும். தந்தையைக் கொன்றவர்களின் கூட்டத்தோடே அவன் போய்விடுகிறான்.

கத்தியோடு வளர்ந்த பிள்ளை

அஸ்கெலாடுக்கும் சிறுவனுக்கும் இடையில் ஒரு வினோதமான உடன்பாடு உருவாகிறது. கொடுத்த வேலையை முடித்தால் கூலியாகத் தனிச்சண்டைக்கு ஒரு சந்தர்ப்பம். வேலை என்றால் உளவு பார்ப்பது, கோட்டைக்குள் நுழைவது, தலைவர்களைக் கொல்வது. ஒவ்வொரு சண்டையிலும் தோர்ஃபின் தோற்கிறான். அடுத்த சந்தர்ப்பத்துக்காக மீண்டும் கொல்லப் போகிறான்.

இங்கே வரும் ஒரு சிறு நிகழ்வைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் கரையோரக் கிராமம் ஒன்றில் காயத்தோடு கிடக்கும் தோர்ஃபினை ஒரு பெண் தன் வீட்டுக்குக் கொண்டுசெல்கிறாள். அழுக்கைக் கழுவி, பேன் பிடித்த தலையை வாரிவிடுகிறாள். தாயை விட்டுப் பிரிந்த பிறகு அவனை ஒரு பிள்ளையாக நடத்தியவள் அவள். அன்றிரவு அவன் தீ மூட்டிக் கூலிப்படைக்குச் சமிக்ஞை கொடுக்கிறான். அதற்கு முன் அந்தப் பெண்ணை ஓடச் சொல்கிறான். கிராமம் அழிகிறது.

சரி எது, பிழை எது என்பது அவனுக்கு ஓரளவு தெரியும். தெரிந்தும் செய்கிறான். தொடர் அவனை மன்னிப்பதும் இல்லை, அரக்கனாக்குவதும் இல்லை. அவன் முகத்தைக் காட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது.

இன்றைய சர்வதேசச் சட்டத்தின் கண்ணால் பார்த்தால் தோர்ஃபின் ஒரு சிறுவர் படையாள். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களைப் படையில் சேர்ப்பதை ரோம் சாசனம் போர்க்குற்றம் என்கிறது. சிறுவர் உரிமைகள் சமவாயத்துக்கு 2000ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட மேலதிக நெறிமுறை, பதினெட்டு வயதுக்குட்பட்டோரை நேரடிப் போரில் ஈடுபடுத்தக்கூடாது என்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகள் குற்றம் செய்திருந்தாலும் அவர்களைக் குற்றவாளிகளாக மட்டும் பார்க்காமல், முதன்மையாகப் பாதிக்கப்பட்டவர்களாகக் கருத வேண்டும் என்று 2007இன் பாரிஸ் கோட்பாடுகள் கூறுகின்றன. சட்டம் பேச வேண்டிய முறை அதுதான். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்த பின் இரவில் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்வான்? சட்டம் நிற்கும் இந்த இடத்திலிருந்துதான் இரண்டாவது பருவம் தொடங்குகிறது.

பழி கைநழுவிய நாள்

முதற் பருவத்தின் முடிவில், யோர்க் நகரில், அஸ்கெலாடின் தாய்நாடான வேல்ஸ் மீது படையெடுக்கப் போவதாக மன்னன் ஸ்வெய்ன் மிரட்டுகிறான். வேல்ஸையும் இளவரசன் கனூட்டையும் காப்பாற்ற அஸ்கெலாட் சபையிலேயே மன்னனைக் கொல்கிறான். மன்னனைக் கொன்றவனைத் தண்டிக்கும் கடமையைக் கையில் எடுக்கும் கனூட், அஸ்கெலாடைக் குத்திக் கொல்கிறான். இவையெல்லாம் கற்பனை, வரலாற்று ஸ்வெய்ன் இப்படி இறக்கவில்லை.

ஓடி வரும் தோர்ஃபினுக்குச் சாகக் கிடக்கும் அஸ்கெலாட்தான் மிஞ்சுகிறான். நான் போன பிறகு நீ என்ன செய்யப் போகிறாய் என்று அவன் கேட்கிறான். இந்த அற்பத்தை விட்டு உன் தந்தை போன இடத்துக்கும் அப்பால் போ என்று சொல்லி உயிர்விடுகிறான். பதினொரு ஆண்டுகளில் தோர்ஃபினிடம் எவரும் கேட்காத கேள்வி அது. பதில் அவனிடம் இல்லை. வெறிபிடித்தவனாகக் கனூட் மேல் பாய்ந்து முகத்தில் காயம் ஏற்படுத்துகிறான். கனூட் அவனைக் கொல்லாமல் அடிமையாக விற்றுவிடுகிறான்.

பழி தீர்ந்திருந்தால்கூட அவனுக்கு நிம்மதி வந்திருக்குமா என்று தொடர் கேட்பதில்லை. பழி ஒருவனைத் தாங்கிப் பிடித்திருந்த ஊன்றுகோல் என்பதையும், அது போனதும் அவன் விழுந்துவிடுவான் என்பதையும் மட்டும் காட்டுகிறது.

பண்ணையில் ஓர் அடிமை

இரண்டாவது பருவம் டென்மார்க்கின் யுட்லாந்தில், கெட்டில் என்பவரின் பெரிய பண்ணையில் நடக்கிறது. முதற் பருவத்தைப் பார்த்தவருக்கு இங்கே வரும் தோர்ஃபினை அடையாளம் காண்பதே கடினம். கத்திக் கத்திச் சண்டைக்கு இழுத்த இளைஞன் இப்போது குனிந்த தலையோடு, சொன்னதைச் செய்துகொண்டு, வெறுமையான கண்களோடு நிற்கிறான். பண்ணைக் காவலர்கள் விளையாட்டாக வாளை நீட்டிக் கொல்லப் பார்த்தபோதும் அவன் எதிர்ப்பதில்லை. உயிர் வாழ்ந்து எனக்கு நல்லது எதுவும் நடந்ததில்லை என்கிறான்.

இரவில் அவன் அலறிக்கொண்டு எழுகிறான். என்ன கனவு கண்டாய் என்று கேட்டால் நினைவில்லை என்கிறான். போர் முடிந்து பல காலம் கழித்தும் இரவுகள் முடியாமல் இருக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சிகளுக்கு விளக்கம் தேவைப்படாது.

அவனுக்கும் புதிதாக வந்த அடிமை எய்னாருக்கும் காட்டை வெட்டி வயலாக்கும் வேலை கொடுக்கப்படுகிறது. அந்தக் காணியில் விளையும் கோதுமையை விற்றுத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொள்ளலாம் என்று கெட்டில் சொல்லியிருக்கிறார். மரம் வெட்டுவது, வேரைக் கிளப்புவது, கல் பொறுக்குவது, உழுவது, விதைப்பது என்று பல அங்கங்கள் வேலையிலேயே கழிகின்றன. கெட்டிலின் தந்தையான முதியவர் ஸ்வெர்கெல் தம் வீட்டு வேலைகளுக்குப் பதிலாகக் குதிரையையும் கலப்பையையும் இரவல் தருகிறார். முதல் முளை மண்ணைப் பிளந்து வரும்போது தோர்ஃபினின் முகத்தில் ஏதோ ஒன்று அசைகிறது. அழிப்பதை மட்டும் அறிந்திருந்த கைகளால் ஒன்று உண்டாகியிருக்கிறது.

முதற் பருவத்தின் சண்டைகளை எதிர்பார்த்து வந்த பார்வையாளர் சிலர் இந்த மெதுவான நடையைச் சலித்துக்கொண்டார்கள். ஆனால் இந்த மாற்றத்தை இரண்டு அங்கங்களில் முடித்திருந்தால் எவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

எய்னார் என்ற கண்ணாடி

எய்னார் வட இங்கிலாந்தைச் சேர்ந்த உழவன். அவனுடைய கிராமத்தைக் கடற்படையினர் சூறையாடினார்கள். தாயையும் தங்கையையும் இழந்து, விலங்கிட்டு விற்கப்பட்டவன். தோர்ஃபின் போன்றவர்கள் மூட்டிய தீயில் எரிந்த வீடு அவனுடையது.

அருகில் படுத்திருக்கும் நண்பன் இங்கிலாந்தில் கொள்ளையடித்த கூட்டத்தில் இருந்தவன் என்று எய்னாருக்குத் தெரியவருகிறது. அவனுடைய கோபம் நியாயமானது. தொடர் அதைச் சிறுமைப்படுத்துவதில்லை. தோர்ஃபினும் தன்னை நியாயப்படுத்திக்கொள்வதில்லை. சிறுவனாக இருந்தேன், தந்தையை இழந்தேன் என்று எதையும் முன்வைப்பதில்லை. இருவரும் ஒரே கலப்பையைப் பிடித்தபடி தொடர்ந்து வேலை செய்கிறார்கள்.

யாரைக் கொன்றோம் என்று தோர்ஃபினுக்கு முதன்முதலாக விளங்குவது எய்னாரோடு பழகிய பிறகுதான். அதுவரை அவன் கொன்றவர்கள் முகமற்றவர்கள். வயலைப் பார்த்து மகிழ்பவன், இறந்த தங்கையைப் பற்றிப் பேசுபவன், பசித்தால் எரிச்சற்படுபவன் என்று எய்னார் பக்கத்தில் இருக்கும்போது, அந்த முகமற்றவர்களுக்கும் இப்படியொரு வாழ்க்கை இருந்தது என்பது உறைக்கிறது. குற்றவுணர்வு அவனிடம் வருவது அறிவுரையால் அல்ல, நட்பால்.

கனவும் சத்தியமும்

இவர்கள் முன்னேறுவதைப் பொறுக்காத கூலியாட்கள் சிலர் இரவோடிரவாகப் பயிரை நாசம் செய்கிறார்கள். அடிமை ஒருவன் சுதந்திரமானவனை அடித்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்த தோர்ஃபின், எய்னார் கைநீட்டுவதற்கு முன் தானே அடித்துவிடுகிறான். அடிதடியில் மயங்கி விழுபவனுக்கு ஒரு கனவு வருகிறது.

ஆழத்தில் ஒரு முடிவில்லாத போர்க்களம். இறந்த வீரர்கள் காரணம் மறந்து ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வீரனுக்குக் கிடைக்கும் சொர்க்கம் என்று அந்தச் சமூகம் நம்பிய இடம் இப்படித்தான் இருக்கிறது. அங்கே அஸ்கெலாடும் இருக்கிறான். தோர்ஃபின் கொன்றவர்கள் எழுந்து வந்து அவன் உடலைப் பற்றிக்கொள்கிறார்கள். மன்னிப்புக் கேட்டு அழுகிறான். எவரும் மன்னிப்பதில்லை. அவர்களைச் சுமந்துகொண்டே மேலே ஏறு, அதுதான் உன் உண்மையான போர் என்று அஸ்கெலாட் சொல்கிறான்.

விழித்தெழுந்தவனுக்கு இம்முறை கனவு நினைவிருக்கிறது. இனி வன்முறையைக் கைவிடுவதாக எய்னார் முன்னிலையில் சத்தியம் செய்கிறான். இரண்டாவது பருவத்தின் ஒன்பதாவது அங்கமான இது தொடரின் திருப்புமுனை. இறந்தவர்களை மறந்து முன்னேறும்படி இக்கதை சொல்வதில்லை. அவர்களை முதுகில் ஏற்றிக்கொண்டு நடக்கச் சொல்கிறது.

சத்தியத்தின் விலை

சத்தியம் செய்வது எளிது. ஆர்ன்ஹெய்ட் என்ற அடிமைப் பெண்ணின் கதை அதைச் சோதிக்கிறது. கணவன் கர்தார் போருக்குப் போனபோது அவளுடைய கிராமம் தாக்கப்பட்டது. குழந்தை இறந்தது, அவள் விற்கப்பட்டாள். இப்போது கெட்டிலின் உடைமையாக, அவருடைய குழந்தையை வயிற்றில் சுமந்திருக்கிறாள். கர்தாரும் எங்கோ அடிமையாக இருந்து, தப்பி, அவளைத் தேடி வருகிறான். தோர்ஃபினும் எய்னாரும் உதவ முயல்கிறார்கள். முயற்சி தோற்கிறது. கர்தார் இறக்கிறான். ஊருக்கு நல்லவரான கெட்டில், தன்னை ஏமாற்றினாள் என்ற வெறியில் அவளை அடித்துச் சாகும் நிலைக்குக் கொண்டுவருகிறார்.

சாகும்போது அவள் கேட்கிறாள்: இந்த உலகில் வாழ்வதால் என்ன பயன்? தோர்ஃபினுக்கு லெய்ஃப் சொன்ன கதை நினைவுக்கு வருகிறது. மேற்கே ஒரு நிலம் இருக்கிறது, அங்கே போரும் அடிமைமுறையும் இல்லாத ஊர் ஒன்றை உருவாக்குவோம் என்கிறான். அவள் அதைப் பார்க்க உயிரோடு இருப்பதில்லை. கெட்டிலைக் கொல்லத் துடிக்கும் எய்னாரைத் தோர்ஃபின் தடுத்து நிறுத்துகிறான். பழியில் பதினொரு ஆண்டுகளைத் தொலைத்தவன் சொல்லும்போதுதான் அந்தத் தடைக்கு ஒரு தகுதி இருக்கிறது.

நூறு அடிகள்

மன்னனாகிவிட்ட கனூட், இங்கிலாந்தில் உள்ள தன் படைக்கான செலவை ஈடுகட்ட, ஒரு சாட்டை உருவாக்கிக் கெட்டிலின் பண்ணையைப் பறிக்க வருகிறான். பண்ணையார் தரப்பு கொன்று குவிக்கப்படுகிறது. விடுதலையாகி ஊர் திரும்ப வாய்ப்பிருந்தும் தோர்ஃபின் கனூட்டைச் சந்திக்கப் போகிறான். நூறு அடிகளைத் தாங்கினால் மன்னனைப் பார்க்கலாம் என்று வீரர்கள் கேலி செய்கிறார்கள். ஒப்புக்கொள்கிறான். திருப்பி அடிக்காமல் நூறையும் வாங்குகிறான். ஏன் அடிக்கவில்லை என்று கேட்டால், எனக்கு எதிரிகள் இல்லை என்கிறான். ஆறு வயதில் கேட்ட வார்த்தை இப்போது அவனுடைய சொந்த வார்த்தையாக வருகிறது.

கனூட்டும் இதே காலத்தில் வளர்ந்தவன்தான். பேசவே அஞ்சிய இளவரசனாக இருந்தவன், தன்னை வளர்த்த ரக்னாரை இழந்த பிறகு, பூமியிலேயே சொர்க்கம் அமைப்பதென்று முடிவெடுக்கிறான். ஆனால் அதற்காக அதிகாரத்தைத் தேர்ந்தெடுக்கிறான். அண்ணனுக்கு நஞ்சு கொடுக்கிறான், சிலரை அழித்துப் பலரைக் காப்பதாகக் கணக்குப் போடுகிறான். நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ஒருவன் எப்படித் தன் தந்தையைப் போலவே ஆகிறான் என்பதை அவனில் காணலாம்.

பின்வாங்க மறுத்தால் நீ என்ன செய்வாய் என்று கனூட் கேட்கிறான். ஓடிப் போய்விடுவேன் என்று தோர்ஃபின் பதில் சொல்கிறான். வீரத்தைத் தலையில் தூக்கி ஆடிய ஒரு சமூகத்தில், தப்பி ஓடுவதை வெட்கமின்றிச் சொல்வது எவ்வளவு பெரிய முதிர்ச்சி! கனூட் சிரிக்கிறான். படை திரும்புகிறது.

தொடரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

இவ்வளவு சொன்ன பிறகும் சில குறைகளைச் சொல்லத்தான் வேண்டும். ஆர்ன்ஹெய்டின் துயரம் ஆழமாகச் சொல்லப்பட்டாலும், இறுதியில் அது இரண்டு ஆண்களின் மன மாற்றத்துக்கான படியாகவே முடிகிறது. கனூட் மனம் மாறியதற்குத் தோர்ஃபினின் பொறுமை மட்டுமே போதுமாக இருந்தது என்பதும் கேள்விக்குரியது. நிஜத்தில் நூறு அடி வாங்கியவர்கள் பெரும்பாலும் நூற்றியோராவது அடியையும் வாங்கியிருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வி இதைவிட முக்கியமானது. கொன்றவன் மனம் திருந்துகிறான், சரி. கொல்லப்பட்டவரின் பிள்ளைக்கு அதனால் என்ன கிடைத்தது? அனிமே இதுவரை எய்னார் வழியாக மட்டுமே இதைத் தொட்டிருக்கிறது. மங்காவின் பிற்பகுதியில் ஹில்ட் என்ற வேட்டைக்காரப் பெண் வருகிறாள். அவளுடைய தந்தையைக் கொன்றவன் தோர்ஃபின். அவள் அவனை மன்னிப்பதில்லை. கொல்லாமல் விட்டு, மீண்டும் வன்முறைக்குத் திரும்பினால் கொல்வேன் என்று கூடவே வருகிறாள். மன்னிப்பு என்பது கேட்டவுடன் கிடைக்கும் பொருள் அல்ல, பாதிக்கப்பட்டவரிடம் இருக்கும் உரிமை என்பதை யுகிமுரா அறிந்திருக்கிறார்.

இதே இரண்டு நிறுவனங்கள் தயாரித்த ‘அட்டாக் ஒன் டைட்டன்’ தொடரோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அதன் நாயகன் எரனும் கண்முன்னே தாயை இழந்து, எதிரிகளை ஒழிப்பேன் என்று சபதம் எடுத்த சிறுவன். எதிரிகளும் மனிதர்கள்தான் என்பதை அவனும் அறிகிறான். அறிந்த பிறகும் பேரழிவைத் தேர்ந்தெடுக்கிறான். தோர்ஃபின் அதே உண்மையை அறிந்து ஏரைத் தேர்ந்தெடுக்கிறான்.

பார்க்க விரும்புவோருக்கு

முதற் பருவம் அமேசான் பிரைமிலும், இரண்டாவது பருவம் நெட்ஃபிளிக்ஸ், க்ரஞ்சிரோல் தளங்களிலும் வெளியாகின. அனிமே என்றதும் சிறு பிள்ளைகளுக்கானது என்று எண்ணிவிடக் கூடாது. கிராமங்கள் எரிக்கப்படுவது, பொதுமக்கள் கொல்லப்படுவது, அடிமைகள் வதைக்கப்படுவது எல்லாம் நேரடியாகக் காட்டப்படுகின்றன. முதற் பருவத்தின் 14ஆவது அங்கத்தில் பனிக்காலத்தில் ஒரு கிராமமே அழிக்கப்படுகிறது. போரில் உறவுகளை இழந்தவர்களுக்கு அந்த அங்கம் கடுமையாக இருக்கும். தவிர்த்துவிட்டுப் போனாலும் கதை விளங்கும். இரண்டாவது பருவத்தில் சண்டைகள் குறைவு, ஆனால் ஆர்ன்ஹெய்டின் முடிவைப் பார்ப்பது எளிதல்ல.

கடைசி அங்கத்தில் தோர்ஃபின் ஐஸ்லாந்துக்குத் திரும்புகிறான். இத்தனை ஆண்டுகளாக அவனைத் தேடி அலைந்த லெய்ஃப்தான் அவனை ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறார். அக்கா முதலில் நம்புவதில்லை, பிறகு அடிக்கிறாள். தாய் அவனை அடையாளம் காண்கிறாள். மகன் என்ன செய்தான், எத்தனை பேரைக் கொன்றான் என்பதெல்லாம் பிறகு அவன் வாயாலேயே சொல்லப்படும். முதலில் அவன் வீட்டுக்குள் வந்து உட்கார வேண்டும். திரும்பி வந்த பிள்ளைக்காகவும், வராமலே போன பிள்ளைக்காகவும் காத்திருந்த வீடுகள் எங்கும் உண்டு. அந்தக் கதவு திறக்கும் காட்சிக்காகவே 48 அங்கங்களையும் பார்க்கலாம்.